கருத்தும் வினையும்

ஒரு வினையின் நன்மை தீமையை வரையறுப்பது செய்தவனின் கருத்தா, வினையின் இயல்பா? 12ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மெய்யியலறிஞர் அபெலார்டு (1079–1142) கருத்தே என்றார். குளிரில் நடுங்கும் மகவைத் தன் ஆடையுள் அணைத்துத் துயின்ற ஏழைத்தாய், தன்னையறியாது அதனை நெரித்துவிடுகின்றாள். அவள்பால் பாவமில்லை, ஆயர் விதிக்கும் கழுவாய் பிறரை எச்சரித்தற்கே என்பது அவர்தம் துணிபு.

இக்கொள்கை கீழைநாட்டார்க்குப் புதிதன்று. கலேவெல அடங்கிய மாத்தளை மாவட்டத்திலேயே, அலுவிகாரையில், கி.மு. 1ஆம் நூற்றாண்டில் ஏட்டிலேறியது பாளித் திரிபிடகம். அது ‘சேதனா’ எனப்படும் எண்ணத்தையே வினை என்கிறது. வள்ளுவரும் மனமாசு நீங்குதலையே அறமெனக் கொண்டார்.

எனினும், தாமசு அக்குவினாசு (1225–1274) இவ்வளவில் அமைந்திலர். வறியார்க்கு ஈதற்பொருட்டுக் களவு செய்யினும் அது தீதே. கருத்தும் வினையும் சூழலும் ஒருங்கே நல்லனவாதல் வேண்டும் என்றார். தாயின் பசி தணித்தற்பொருட்டும் இழிதொழில் தகாது என வள்ளுவர் விலக்கியதும் ஈண்டு நினையத்தகும்.

அபெலார்டு ஆராய்ந்தது செய்தவனின் குற்றத்தை; அக்குவினாசு ஆராய்ந்தது வினையின் தகுதியை. அத்தாயைக் குற்றமற்றவள் எனலாம். மகவின் சாவை நன்றெனல் இயலாது. வள்ளுவர் இரண்டினையும் ஒருங்கு போற்றினார். தூய கருத்து அறத்தின் வேர். தீவினையை நல்வினையாக்கும் ஆற்றல் அதற்கு இல்லை.