கோல்ஃப் களமும் காண்போர் கடனும்

விளையாட்டில் ஆடுவோர்க்கு விதி உண்டு, காண்போர்க்கும் உண்டு. முன்னதை நடுவர் காப்பார். பின்னதைக் காப்பவர் யார்? அமைதிக்குப் பெயர்பெற்ற கோல்ஃப் ஆட்டமே இன்று இவ்வினாவை எழுப்பியுள்ளது.

நம் ஜொகூருக்கு இவ்வாட்டம் புதிதன்று. 2012 டிசம்பரில் ஹொரைசன் ஹில்ஸ் திடலில் நடந்த இஸ்கந்தர் ஜொகூர் ஓப்பன் போட்டியில் ஸ்பெயின் நாட்டுச் செர்ஜியோ கார்சியா வென்றார். 72 குழிகளுக்கு வகுத்த அப்போட்டி 54 குழிகளோடு முடிந்தது. அன்று குறுக்கிட்டது வானிலை. மேலைநாட்டுத் திடல்களிலோ இன்று குறுக்கிடுவோர் மனிதர்.

காற்பந்தாட்டக்காரர் இடைவிடாத ஆரவாரத்திலேயே ஆடிப் பழகியவர். கோல்ஃப் ஆடுவோர் அசையாப் பந்தை அமைதியில் நின்று அடிப்பவர். மட்டையை ஓங்கும் நொடியில் எழும் ஒரு குரல் போதும், அடி பிழைத்துவிடும். ஆதலின் இங்கே காண்போரின் அமைதியும் ஆட்டத்தின் ஓர் உறுப்பாகும்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலைப் பண்ணை என்ற சொல்லோடு தொடங்குகிறார். விளையாட்டு ஆயம் என்பது அதற்கு இளம்பூரணர் கண்ட பொருள். எண்வகை மெய்ப்பாடுகளுள் நகைக்கு நிலைக்களன்களுள் ஒன்றாக எள்ளலையும், பெருமிதத்திற்கு நிலைக்களன்களாகக் கல்வி, தறுகண், இசைமை, கொடை ஆகியவற்றையும் அவ்வியல் வைக்கிறது. தன் நாட்டு வீரனின் தேர்ச்சி கண்டு தலைநிமிர்வது பெருமிதம். எதிரியை இழித்துச் சிரிப்பது எள்ளல். முன்னதைப் பெற வந்த கூட்டம் பின்னதோடு அமைந்துவிடுவதே இன்றைய கேடு.

2025 செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்து பெத்பேஜ் திடலில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் ரைடர் கோப்பைக்காக மோதின. ஐரோப்பிய அணியின் ரோரி மெக்கில்ராய்மீது வசைமொழிகள் பொழியப்பட்டன. அவர் துணைவியார்மீது பானம் வீசப்பட்டது. கூடுதல் காவலரை நிறுத்த நேர்ந்தது. இதனினும் கொடிது ஒன்றுண்டு. கூட்டத்தை ஊக்குவிக்க அமர்த்தப்பட்ட அறிவிப்பாளரே வசைக் கோஷத்தில் கலந்துகொண்டார். பின்னர் மன்னிப்புக் கோரி விலகினார். வேலியே பயிரை மேய்ந்த கதை இது. ஐரோப்பா 15–13 என வென்றது. வசையால் அமெரிக்கா பெற்ற பயன் யாது?

அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் ஓப்பனில் 16ஆம் குழியைச் சுற்றி அரங்குபோல் இருக்கைகள் எழுப்பினர். ஆரவாரமே அதன் விளம்பரமாயிற்று. 2022இல் ஒருவர் ஒரே அடியில் பந்தைக் குழியில் சேர்த்தபோது மதுக் குவளைகள் திடலில் மழையாய் விழுந்தன. 2024 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை கூட்டம் மிகுந்து, வாயில்களை அடைத்து மது விற்பனையையும் நிறுத்தும் நிலை வந்தது.

ஆரவாரம் இளைஞரை ஈர்க்கும் என்பர் சிலர். ஈர்க்கட்டும், அடித்தபின் எழும் கைதட்டலை யாரும் பழிக்கவில்லை. ஆனால் மதுவை விற்று, கூச்சலை வரவேற்று, பொருளையும் ஈட்டியபின் மக்களை மட்டும் பண்பற்றோர் எனத் தூற்றுவது நேர்மையன்று. குற்றத்தில் அமைப்பாளருக்கும் பங்குண்டு. வசைபாடுவோரை முதற்பிழையிலேயே வெளியேற்றுவதும், மது விற்பனைக்கு வரம்பு கட்டுவதும் அவர்தம் கடமை.

கயிறும் காவலரும் உடலைத்தான் நிறுத்துவர். நாவை நிறுத்துவது பயிற்சி. அப்பயிற்சி நம் பள்ளிகளின் பேச்சுப் போட்டியிலும் திடற்போட்டியிலும் தொடங்கவேண்டும். எதிரணி மாணவன் தடுமாறும்போது நகையாதிருக்கவும், அவன் வெல்லும்போது கைதட்டவும் கற்ற பிள்ளை, எத்திடலில் நின்றாலும் நல்ல பார்வையாளனாவான்.