புளிப்பில்லா அப்பம்: பவுலின் தருக்கத்தில் விசுவாசமும் கீழ்ப்படிதலும்

புளிப்பு என்றாலே பாவம் எனக் கொள்ளும் விளக்கமரபு விவிலியச் சான்றுகளோடு முழுமையாகப் பொருந்துவதில்லை. யாத்திராகமம் 12:39இல் மாவு புளிக்காமைக்குக் காரணம் எகிப்தைவிட்டுப் புறப்பட்ட அவசரமே. பெந்தெகொஸ்தே காணிக்கை அப்பங்களோ புளித்த மாவினாலேயே சுடப்பட்டன (லேவியராகமம் 23:17). மத்தேயு 13:33இல் பரலோக ராஜ்யத்திற்கே புளித்தமாவு உவமையாகிறது.

சபையொழுக்கத்தோடு புளிப்பை நேரடியாகப் பிணைப்பவர் பவுல் (1 கொரிந்தியர் 5:6-8). அங்கும் தருக்கத்தின் வரிசை கவனத்திற்குரியது. பழைய புளித்தமாவை அகற்றக் கட்டளையிடும் அவர், கொரிந்தியர் ஏற்கெனவே புளிப்பற்றவர்களாய் இருப்பதாகவும் அதே தொடரில் கூறுகிறார். பஸ்காவாகிய கிறிஸ்து பலியிடப்பட்டதை அதற்கு ஆதாரமாக்குகிறார். பலிக்குமுன் வீட்டில் புளிப்பு நீங்கியிருக்கவேண்டும் என்பதே யூத வழக்கம். கொரிந்துவிலோ பலி முடிந்துவிட்டது. மாவு இன்னும் வீட்டிலேயே இருக்கிறது. கீழ்ப்படிதலைத் தூய்மைக்குரிய விலையாக்கும் விளக்கங்கள் இவ்வரிசையைத் தலைகீழாக்கிவிடுகின்றன.