ஜோடியாய் வரும் மரம்

எங்கள் கொலுப்படியில் முதலில் ஏறுவது திருப்பதி மரப்பாச்சி ஜோடிதான். சேஷாசலக் காட்டுச் செம்மரம்; தண்ணீரில் போட்டால் மூழ்கும் கனம். கல்யாணமான பெண்ணுக்குத் தாய்வீடு தரும் சீர் அது, ஒற்றையாகத் தர மாட்டார்கள்.

சீனத்திலும் மணமக்களுக்குச் சாப்பாட்டுக் குச்சிகளை ஜோடியாகப் பரிசளிப்பார்கள். ‘குவாய்ட்ஸ’ என்ற பெயரே ‘சீக்கிரம் பிள்ளை பிறக்கட்டும்’ என்றும் ஒலிக்கும். பிடிக்கும் பக்கம் சதுரம், பூமி. உணவைத் தொடும் நுனி வட்டம், வானம். ஒரு குச்சி அசையாமல் நிற்க, மற்றது அதைத் தேடி வந்து சேர்ந்தால்தான் கவளம் வாய்க்கு வரும். இதைவிட நல்ல திருமண வாழ்த்தை நான் கண்டதில்லை.

அந்நாட்டு அரண்மனைகள் நேசித்த மரமும் செம்மரமே. அதில் இழைத்த குச்சிகளும் உண்டு. ஆனால் சித்தூர், திருப்பதி, கடப்பை மலைகளை ஒட்டியே பெரும்பாலும் அது இயற்கையாக வளர்கிறது. 1995 முதல் அதன் வணிகத்துக்குச் சர்வதேசக் கட்டுப்பாடு இருக்கிறது.