வெள்ளைச் சேலையின் வெள்ளை

குண்டடம் பக்கத்துச் சிற்றூர்க் கிறிஸ்தவக் கோயில் ஒன்றில் நடந்த கல்யாணத்தின் ஆல்பம் கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது மணப்பெண்ணின் சேலையைத்தான். வெள்ளையில் சரிகைப் பூ தனித்தனியாகத் தெரிகிறதா, மடிப்பில் நிழல் விழுகிறதா? இரண்டும் இருந்தால் எடுத்தவர் கைதேர்ந்தவர். மிச்சப் பக்கங்களை நம்பிப் புரட்டலாம்.

கேமராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் என்றே கணக்குப் போடும். படம் முழுக்கச் சேலையும் தலையில் போடும் நெட்டுமாக நிறைந்தால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். புதுச்சேலை அழுக்கேறியதுபோல் வரும். விவரம் தெரிந்தவர் ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூட்டிக்கொள்வார். பக்கத்திலோ மாப்பிள்ளை கறுப்புக் கோட்டில் நிற்கிறார். கோட்டுக்காக வெளிச்சத்தை ஏற்றினால் சரிகை வெளுத்துவிடும். கறுப்பைப் பிறகு ஓரளவு மீட்கலாம், வெளுத்த சரிகை போனது போனதுதான். மேனுவலில் வைத்து, சேலைக்கென்றே அளவெடுத்து வேலை செய்கிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

இந்த வட்டாரத்தில் வெள்ளையில் ஏமாற்றவும் முடியாது. வந்திருக்கும் சொந்தக்காரர்களில் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். சாயப்பட்டறையிலிருந்து வந்த துணியை லைட் பாக்ஸில் வைத்து, பகல் வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு, கடை வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு என்று மாற்றி மாற்றி ஷேடு பார்த்த கண்கள். சின்னக் கோயிலுக்குள்ளும் அதே சிக்கல்தான். ஜன்னல் வெளிச்சம் நீலம் தட்டும், டியூப்லைட் பச்சை தட்டும். சேலையின் ஒரு பாதி ஒரு வெள்ளை, மறுபாதி இன்னொரு வெள்ளை. அனுபவசாலி உபதேசியாரிடம் முன்கூட்டியே சொல்லி, பீடத்தருகே ஜன்னல்களைத் திறந்து விளக்குகளை அணைத்துவிடுவார். அணைக்க வழியில்லை என்றால் ஷட்டர் வேகத்தை 1/100 நொடிக்கு மேல் ஏற்றமாட்டார். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும். அதைவிட வேகமாக எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக நிறம் மாறும்.

ஃப்ளாஷ் அடித்தால் இத்தனை பாடு இல்லை. ஆனால் நாலைந்து வரிசை பெஞ்சு மட்டுமே உள்ள கோயிலில் ஒவ்வொரு மின்னலும் ஜெபத்தின் நடுவே விழும். அங்கே நடப்பது ஆராதனை என்ற நினைப்பு உள்ளவர் அடிக்கமாட்டார். கல்யாண ஓலையை மூன்று ஞாயிறு வாசிக்கிறார்களே, அதில் ஒரு ஞாயிறு கேமரா இல்லாமல் வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, வெயில் எந்த ஜன்னலில் எப்போது இறங்குகிறது என்று பார்த்துப் போகிறவருக்குப் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது தாலி. போதகர் ஜெபித்துக் கொடுத்ததும் மாப்பிள்ளையின் கைகள் பெண்ணின் கழுத்தைச் சுற்றும். நாத்தனார் பின்னால் நின்று நெட்டைத் தூக்கிப் பிடிப்பாள். எல்லாம் சில நொடி. நேர் முன்னே நின்றால் மாப்பிள்ளையின் முழங்கை பெண்ணின் முகத்தை மறைத்துவிடும். பீடப் படியோரம் பக்கவாட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தாழ்ந்த முகமும், சிலுவை பொறித்த தாலியும், நெட்டுக்கடியில் முடிச்சைத் தேடும் விரல்களும் சேர்ந்து கிடைக்கும். பெண்ணின் கண் பெரும்பாலும் மூடியிருக்கும். கண் மூடிய படத்தை ஆல்பத்தில் கழித்துவிடுவது வழக்கம். இதைக் கழிக்கவே கூடாது.

பிறகு பதிவேடு. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி மணமக்களோடு சாட்சிகளும் கையெழுத்துப் போட வேண்டும். வீடியோக்காரர்கள் அந்த நேரத்தில் வாசலுக்கு ஓடிவிடுகிறார்கள். மேசை மேல் விரித்த ஏடு, அதன் வெள்ளையிலிருந்து கீழ்த்தாடைக்கு ஏறும் மென்மையான வெளிச்சம், கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் பெயர் எழுதும் பெரியப்பா. இதற்கு ஈடான வெளிச்சம் அன்று முழுக்க வேறெங்கும் கிடைக்காது.

குரூப் போட்டோவுக்கு வேப்பமர நிழல் போதும். காற்றாலை வரிசை தெரிய ட்ரோன் விடுவதும் இப்போது நடக்கிறது. பார்க்க அழகுதான், ஒரு பக்கம் கொடுக்கலாம். ஆறு பக்கம் கொடுக்கிறார்கள். அதில் நாலைப் பதிவேட்டுக்குத் தந்தால் எத்தனையோ நன்றாக இருக்கும்.