ஆறு வயதுக்கு மேல் காது வேண்டாமா?

பழவேற்காட்டு ஏரியில் பாடு முறை வைத்து வலை போடுகிற ஒருவருக்கு முப்பது வயதில் காது மந்தமாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சளி, கடற்காற்று என்று சொல்லித் தள்ளிவிடுவோம். அவருடைய தாய்க்கும் அப்படித்தான், தாய்மாமனுக்குச் சர்க்கரை நோயோடு சேர்ந்து அப்படித்தான் என்று தெரியவந்தால் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

உயிரணுக்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாவுக்குத் தனி மரபுப்பொருள் உண்டு. அது தாயிடமிருந்தே பிள்ளைகளுக்கு வருகிறது. அதில் 3243-ஆம் இடத்தில் ஓர் எழுத்து மாறினால் நீரிழிவும் காது கேளாமையும் சேர்ந்து வரலாம் என்பது 1992-இல் தெரிந்தது. ஏன் காது? இயற்பியல் வாத்தியாரைக் கேட்டால், உட்செவியில் ஒரு மின்கலம் இருக்கிறது என்பேன். காக்ளியா என்னும் நத்தைச் சுருளின் பக்கச் சுவர், உள்ளிருக்கும் திரவத்தைச் சுமார் 80 மில்லிவோல்ட் மின்னழுத்தத்தில் வைத்திருக்கிறது. இதற்கு ஓயாமல் ஆற்றல் வேண்டும். ஆற்றல் குறைந்தால் மின்கலம் இறங்கிவிடும், மயிர்ச்செல்கள் செயலிழக்கும். செவி நரம்போ பெரும்பாலும் தப்பிவிடுகிறது. ஆகவேதான், ஏறக்குறைய 3,500 உள் மயிர்ச்செல்களின் வேலையை இருபது சொச்சம் மின்முனைகளால் செய்யப் பார்க்கும் செயற்கைக் காக்ளியா இவர்களுக்கு நன்கு பயன்படுகிறது.

தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டம் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இக்கருவியை இலவசமாகப் பொருத்துகிறது. பாராட்டத்தக்க பணி. பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு இந்த வரம்பு சரியே. மூளை மொழியைக் கற்கும் பருவம் கடந்துவிட்டால் பயன் குறைவு. ஆனால் பேசி வளர்ந்தபின் காதை இழந்தவருக்கு அக்காரணம் பொருந்துமா? மொழிதான் அவரிடம் ஏற்கெனவே இருக்கிறதே! ஒருவருக்காக வகுத்த விதியைக் காட்டி இன்னொருவரை வெளியே நிறுத்துவது அறிவியலன்று. பணம் போதவில்லை என்றால் அதையே சொல்லலாம்.

‘அதிசயக் கருவி’ என்று எழுதும் பத்திரிகைகள் மீதும் எனக்குக் குறை உண்டு. அறுவை முடிந்து சில வாரங்கள் கழித்தே கருவியை இயக்குவார்கள். பிறகு மின்னோட்ட அளவைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். பழவேற்காட்டிலிருந்து சென்னை 50 கிலோமீட்டருக்கு மேல். போகிற நாளெல்லாம் தொழில் இல்லை. வெளிக்கருவிக்கு உப்புநீரும் ஆகாது. நீர்புகா உறை உண்டு; அதற்குத் தனிக் காசு.

இன்னொன்று. 1555-ஆம் இடத்தில் மாற்றம் உள்ளவர்களுக்கு ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் ஊசிகள் காதைப் பறித்துவிடக்கூடும் என்பது 1993 முதல் தெரிந்த செய்தி. ‘அம்மா வழியில் யாருக்காவது ஊசி போட்டபின் காது போயிற்றா?’ என்று கேட்கக் கருவி எதுவும் வேண்டாம். உங்கள் வீட்டில் அப்படி யாரேனும் இருந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் ஊசிக்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.