அனர்த்த வேளையில் யாரைக் கேட்பது?

குருணாகலிலிருந்து கண்டிக்குப் போகும் ஏ-10 வீதி சமவெளியை விட்டு மலையேறும் இடத்தில் இருக்கிறது கலகெதர. 1803இல் ஆங்கிலேயப் படை கண்டியை நோக்கி வந்தபோது கண்டி அரசின் காவற்கோட்டைகளில் ஒன்று இங்கேதான் நின்றது. இன்று இந்தப் பக்கம் சிங்கள ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் அடுத்தடுத்து வரும். 2020இல் கொவிட் பரவியபோது, நாட்டின் மற்ற முஸ்லிம் ஊர்களைப் போல இங்கும் மக்களை வாட்டியது நோய்ப் பயம் மட்டுமல்ல. ஆஸ்பத்திரியில் மௌத்தானால் ஜனாஸா வீட்டுக்கு வராது, மண்ணுக்கும் போகாது, நெருப்புக்குத்தான் போகும் என்ற பயமும் கூடவே இருந்தது.

அந்த ஆண்டு ஏப்ரல் 11ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தல், கொவிட் தொற்றால் இறந்த எவரையும் தகனம் செய்தே ஆகவேண்டும் என்றது. அடக்கம் செய்தால் நிலத்தடி நீரில் கிருமி கலக்கும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். உலக சுகாதார நிறுவனமோ அதற்கு முந்திய மாதமே இரண்டு முறைகளும் ஏற்கத்தக்கவை என்று எழுதியிருந்தது. அவ்வாண்டு டிசம்பரில், பிறந்து 20 நாளே ஆன ஒரு சிசுவின் உடல் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. அதன் பின் பொரளை கனத்தை மயானத்தின் வேலிக்கம்பிகளில் வெள்ளைத் துணிப் பட்டிகள் கட்டப்பட்டன. கட்டியவர்களில் முஸ்லிம்கள் மட்டும் இருக்கவில்லை.

கலகெதரயிலிருந்து இதே வீதியில் கண்டிப் பக்கம் போனால் கட்டுகஸ்தோட்டை வரும். அங்குள்ள புனித அந்தோனியார் கல்லூரியில் படித்து, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்றவர்தான் மலிக் பீரிஸ். 2003இல் சார்ஸ் நோயின் கிருமியை இனங்கண்ட ஹொங்கொங் ஆய்வாளர்களுள் முதன்மையானவர். உயிருள்ள கலத்துக்குள் மட்டுமே வைரசு பெருகும், முறையாகச் சுற்றி ஆழப் புதைத்த உடலிலிருந்து அது நீரில் கலப்பது மிக அரிது என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். கொழும்பிலும் சுகாதார அமைச்சு நியமித்த நிபுணர் குழுவொன்று அடக்கத்தையும் அனுமதிக்கலாம் எனப் பரிந்துரைத்தது. ஆனாலும் விதி மாற 2021 பெப்ரவரி 25 வரை செல்ல வேண்டியிருந்தது. மார்ச் 5இல் ஓட்டமாவடியில் முதல் நல்லடக்கம் நடந்தது. கண்டி மாவட்டத்துக் குடும்பங்கள் தம் பிள்ளையையோ தகப்பனையோ கிழக்குக் கரை வரை அனுப்பிவிட்டு, கப்ருக்குத் தூரத்திலிருந்தே துஆ கேட்க நேர்ந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது.

இந்தத் தவறு நடக்காமல் தடுக்கும் அறிவு 2020இல் ஏற்கெனவே இருந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன்னரே மேற்கு ஆபிரிக்கா அதைப் பெருவிலை கொடுத்துக் கற்றிருந்தது.

2014 ஆகஸ்டில் லைபீரியாவில் எபோலா தலைவிரித்தாடியபோது, தலைநகர் மொன்ரோவியாவில் இறப்பவர்களின் உடல்களை எரிக்குமாறு அரசு கட்டளையிட்டது. எரிப்பு வழக்கமே இல்லாத நாடு அது. ஆண்டுதோறும் மார்ச்சில் குடும்பங்கள் கூடிக் கல்லறைகளைத் துப்புரவாக்கி அலங்கரிப்பதற்கென்றே அங்கு ஒரு பொது விடுமுறை உண்டு. எரித்துவிட்டால் போய் நிற்க ஒரு கல்லறை இல்லை. ஆகவே சனங்கள் நோயாளிகளை வீட்டுக்குள் ஒளித்தார்கள், இரவில் இரகசியமாகப் புதைத்தார்கள், தொற்று மேலும் பரவியது. அந்த ஆண்டு முடிவதற்குள் அரசு டிஸ்கோ ஹில் என்ற இடத்தில் நிலம் ஒதுக்கி அடக்கத்தை மீண்டும் அனுமதித்தது. உலக சுகாதார நிறுவனம் மதத் தலைவர்களையும் மானுடவியலாளர்களையும் உட்கார வைத்துப் பேசி, பாதுகாப்பும் கண்ணியமும் சேர்ந்த அடக்க முறை ஒன்றை 2014 நவம்பரில் வெளியிட்டது. முஸ்லிமுக்குத் தண்ணீரின்றித் தயம்மும் செய்வதும் கபன் இடுவதும் அதில் படிப்படியாக எழுதப்பட்டுள்ளன. எபோலாவில் இறந்த உடல் உண்மையாகவே கடுந்தொற்று உடையது. அந்த நோய்க்கே கண்ணியமான அடக்கத்துக்கு வழி கண்டிருந்த உலகில், கொவிட்டுக்கு வழியில்லை என்று இலங்கை சொன்னது.

ஆபிரிக்க ஆய்வாளர்கள் கடந்த கால் நூற்றாண்டாக அனர்த்தங்களுக்கும் கொள்ளை நோய்களுக்கும் நடுவில் எழும் அறநெறிக் கேள்விகளை எழுதியும் சட்டமாக்கியும் வருகிறார்கள். அவர்களை அந்த வழியில் தள்ளியது பெரும்பாலும் பட்ட காயம்தான். 1996இல் நைஜீரியாவின் கானோ நகரில் மூளைக்காய்ச்சல் பரவிக் கொண்டிருந்தபோது, பைசர் நிறுவனம் அங்குள்ள ஆஸ்பத்திரியில் 200 பிள்ளைகளைக் கொண்டு ட்ரோவன் என்ற மருந்தைப் பரீட்சித்தது. பாதிப் பேருக்குப் புதிய மருந்து, பாதிப் பேருக்கு வழக்கமான மருந்து. 11 பிள்ளைகள் இறந்தனர். மருந்தால் அல்ல, நோயால்தான் என்பது நிறுவனத்தின் வாதம். ஆனால் அறநெறிக் குழு தந்ததாகக் காட்டப்பட்ட அனுமதிக் கடிதம் பிந்தி எழுதி முந்திய திகதி இடப்பட்டது என்பது பின்னர் வெளிவந்தது. பெற்றோர் பலர், தங்கள் பிள்ளை ஒரு பரீட்சையில் சேர்க்கப்பட்டது தெரியவே தெரியாது என்றார்கள். 2009இல் கானோ மாநிலத்துடன் 75 மில்லியன் டொலர் இணக்கத்துக்கு நிறுவனம் வந்தது. இதற்கிடையில் 2003இல் வட நைஜீரியாவின் சில பகுதிகள் போலியோ சொட்டு மருந்தையே மறுத்தன. அந்த மறுப்புக்குக் காரணங்கள் பல இருந்தாலும் கானோவின் நினைவும் அவற்றில் ஒன்று. ஒரு தடவை கேட்காமல் செய்ததன் பலனை வேறொரு நோயில் வேறு பிள்ளைகள் சுமந்தார்கள்.

அந்தப் பின்னணியில்தான் நைஜீரியா தன் தேசிய சுகாதார ஆய்வு அறநெறிக் குழுவை அமைத்தது. புற்றுநோய் ஆய்வாளரான கிளமென்ட் அடெபமோவோ அதற்குத் தலைமை தாங்கினார். 2007இல் தேசியக் கோவை வெளியானது. கமரூனில் மெய்யியலாளர் கொட்ஃபிரி டங்வா உயிர் அறநெறிக்கென ஓர் அமைப்பைக் கட்டினார். மேற்கில் எழுதப்பட்ட விதிகளை அப்படியே இறக்கி வைப்பதும் பிழை, ஊர்த் தலைவர் தலையசைத்துவிட்டார் என்பதற்காகத் தனி மனிதரைக் கேட்காமல் விடுவதும் பிழை. ஆபிரிக்க விவாதம் இந்த இரண்டுக்கும் நடுவே நெடுநாளாக நடக்கிறது. மலையகத் தோட்டம் ஒன்றுக்குள் ஆய்வுக்குப் போன எவருக்கும் இது புரியும். துரையின் அனுமதி முதலில் வேண்டும், பிறகு தொழிற்சங்கத் தலைவர், பிறகுதான் லயத்தில் இருக்கும் அந்தப் பெண். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே இரண்டு பேர் அவளுக்காகச் சம்மதித்து முடித்திருப்பார்கள்.

கொங்கோவின் ஜோன்-ஜாக் முயெம்பேயின் கதை இன்னும் நேரடியானது. 1976இல் யம்புக்குவில் பெயர் தெரியாத காய்ச்சல் பரவியபோது, முதலில் போய்ப் பார்த்து இரத்த மாதிரி எடுத்தவர்களில் அவரும் ஒருவர். கையுறைகூட இல்லாமல் அதைச் செய்தார். மாதிரி பெல்ஜியத்துக்குப் போனது, எபோலாவைக் கண்டுபிடித்த பெருமையும் நெடுங்காலம் அங்கேயே தங்கிவிட்டது. 1995இல் கிக்விட் நகரில் நோய் மீண்டும் வந்தபோது, பிழைத்தவர்களின் இரத்தத்தை எட்டு நோயாளிகளுக்கு ஏற்றினார். ஏழு பேர் பிழைத்தார்கள். அந்தத் தொற்றில் உயிர் தப்பிய ஒருவரின் இரத்தத்திலிருந்து பின்னாளில் ஒரு மருந்து பிறந்தது. 2018 நவம்பரில் கொங்கோவில் தொடங்கிய பரீட்சை, அதுவும் இன்னொரு மருந்தும் பயன் தருவதை 2019 ஆகஸ்டில் காட்டியது. இந்த முறை அந்தப் பணியின் முன்னணியில் நின்றவர் முயெம்பே. இனி மாதிரிகள் நாட்டிலேயே இருக்கும் என்பதையும் அவர் உறுதியாகச் சொன்னார்.

இரத்தத்தைக் கொடுத்துவிட்டுப் பெயரை இழப்பது இலங்கைக்குத் தெரியாத அனுபவம் அல்ல. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப் பிறகு கிழக்கு, வடக்கு, தென் கரைகளுக்கு நிவாரணத்தோடு வினாக்கொத்தும் வந்து இறங்கியது. ஒரே முகாமில் ஒரே தாயிடம் வெவ்வேறு குழுக்கள் அதே கேள்விகளைக் கேட்டன. மட்டக்களப்பில் உளசமூகப் பணி செய்தோர் ‘மாங்ரோவ்’ என்ற ஒருங்கிணைப்பு அமைப்பின் வழியாக யார் எங்கே என்ன செய்கிறார்கள் என்று ஒழுங்குபடுத்த முயன்றார்கள். யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், தனி மனிதரின் மனக்காயத்தை மட்டும் பார்த்தால் போதாது, உறவும் ஊரும் அடைந்த காயத்தையும் பார்க்க வேண்டும் என்று பல்லாண்டுகளாக எழுதி வந்தவர். வெளியிலிருந்து வந்த பட்டியல்களில் அந்தக் கேள்விக்கு இடம் இருக்கவில்லை.

இதிலிருந்து எழுந்ததுதான் அனர்த்த ஆய்வும் அறநெறியும் பற்றிய பணிக்குழு. அதுல சுமதிபால, சிசிர சிறிபத்தன முதலிய இலங்கை மருத்துவர்கள் அதில் முன்னின்றனர். அனர்த்தத்தின்போது செய்யும் ஆய்வுக்கு என்ன வரம்பு என்பதை வளரும் நாடுகளின் பார்வையில் 2007இல் கூடி வரைந்தார்கள். இவ்விருவரும் அதற்கு முன்பே ஒரு கூர்மையான கேள்வியை எழுப்பியிருந்தனர். வைத்தியருக்கு முன்னால் இல்லை என்று சொல்லிப் பழகாத நோயாளியின் கையொப்பம் எவ்வளவு தூரம் சுயமானது? ஆய்வாளருக்கும் அவருக்கும் நடுவே, அவர் பக்கம் நின்று பேச ஒரு நடுநிலையாளர் வேண்டும் என்றார்கள். இந்த வழியில் தொடர்ந்தவர் செஸ்மல் சிறிவர்தன. ஒப்புதல் வாங்கியதோடு முடியாமல், ஆய்வு நடக்கும்போதும் நடந்த பின்னும் களத்தில் என்ன அறநெறிச் சிக்கல் வந்தது என்று ஆராயும் சர்வதேச முயற்சியில் பங்கெடுத்த அவர், 2017இல் இளம் வயதிலேயே காலமானார். அது பெரும் இழப்பு. அனர்த்தம், தொற்று காலங்களின் ஆய்வுக்கென ஒரு தனி வழிகாட்டலை உலக அளவிலான கோவைகளில் ஒன்று 2016இல்தான் சேர்த்துக் கொண்டது. இலங்கையர் அதற்கு முன்பே அந்தத் தேவையைச் சொல்லியிருந்தார்கள்.

மலையகத்துக்கு அனர்த்த அறநெறி என்ற இந்தத் துறை மண்சரிவின் வடிவில்தான் வந்து சேர்கிறது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், வீட்டில் இருந்தவர்கள் மண்ணுக்குள் போனார்கள். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. இதை வைத்து, சொல்லியும் போகவில்லையே என்று தொழிலாளர்களைக் குறை சொன்னவர்கள் உண்டு. அது அநியாயம். சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லாதவரிடம் இடத்தை மாற்று என்று சொன்னால், எங்கே என்பதற்கும் சொல்பவர்தான் பதில் வைத்திருக்க வேண்டும். 2017 ஆகஸ்ட் 14இல் சியரா லியோனின் ஃபிரீடவுன் நகருக்கு மேலே ரீஜன்ட் பகுதியில் மலை சரிந்து, இறந்தோரும் காணாமற்போனோருமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அழிந்தபோதும் இதே குற்றச்சாட்டு ஏழைகள் மீதே விழுந்தது.

ஆபிரிக்காவில் அனர்த்த இடர் முகாமைத்துவத்தைப் பல்கலைக்கழகப் பாடமாக வளர்த்தவர்கள் இந்தக் குற்றச்சாட்டைத்தான் எதிர்க்கிறார்கள். தென்னாபிரிக்காவின் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் 2002இல் வந்தது, இலங்கையினுடையது 2005இல். எய்ல்சா ஹொலோவே ஒருங்கிணைத்த ‘பெரிபெரி யு’ வலையமைப்பில் மகெரேரே, அர்தி, பஹிர் தார் போன்ற பல்கலைக்கழகங்கள் சேர்ந்து, உள்ளூரிலேயே நிபுணர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கின. வட மேற்குப் பல்கலைக்கழகத்தில் டெவால்ட் வான் நீக்கர்க் ‘ஜம்பா’ என்ற ஆய்விதழை நடத்தினார். மழையும் சரிவும் ஆபத்துதான், ஆனால் அந்தச் சரிவில் குடியிருக்கும்படி ஒருவரைத் தள்ளியது எது என்பதையும் சேர்த்துக் கேட்பதே இந்தப் பள்ளியின் முறை. மீரியபெத்தைக்குத் தேவைப்பட்ட கேள்வியும் அதுதான்.

இலங்கையில் அறிவியல் பக்கம் பலவீனமானதல்ல. கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஊர்களுக்குக் கொடுக்கும் மழைமானி எளிமையானது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150ஐத் தொட்டால் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கோட்டைப் பார்த்து முடிவெடுக்கலாம். முடிவு ஊர்க்காரர் கையில் வருவது இந்தக் கருவியின் பெரிய சிறப்பு.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது அந்தக் கோடுகள் எல்லாம் மழையில் மூழ்கின. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மிக அதிகமாக உயிர்களை இழந்தவற்றில் கண்டி மாவட்டம் முன்னால் நின்றது. எச்சரிக்கைகள் பல தமிழில் வரவில்லை, வந்தவையும் பிந்தி வந்தன என்ற குறை அந்த நாட்களில் பரவலாக எழுந்தது. இதை மொழியுரிமைப் பிரச்சினை என்று மட்டும் ஒதுக்க முடியாது. ஒருவருக்குப் புரியாத மொழியில் கொடுக்கும் எச்சரிக்கை, கானோவில் பெற்றோருக்குத் தெரியாமல் கொடுத்த மருந்தைப் போன்ற அறநெறிப் பிழையே.

இனி ஆய்வாளர்கள் வருவார்கள். மண்ணை அளக்க, மனநிலையைக் கேட்க, இரத்தம் எடுக்க, மீள்குடியேற்றப் பட்டியல் போட வருவார்கள். அவர்கள் வருவதும் வேண்டும். அதற்கு முன் கண்டியின் பல்கலைக்கழகமும் பிரதேச செயலகங்களும் சில காரியங்களைச் செய்து முடிக்க வேண்டும்: லயத்திலிருந்து ஒருவரும் முஸ்லிம் ஊரிலிருந்து ஒருவரும் அறநெறிக் குழுவில் வாக்குரிமையோடு அமரட்டும், ஒப்புதல் படிவம் தமிழிலும் சிங்களத்திலும் வாய்விட்டு வாசிக்கப்படட்டும், ஆய்வு முடிவு முதலில் அந்த ஊருக்கே சொல்லப்படட்டும், மண்சரிவு எச்சரிக்கை மூன்று மொழிகளிலும் ஒரே நேரத்தில் வெளியாகட்டும். அடுத்த பருவமழைக்கு முன் செய்ய முடியாதது இவற்றில் ஒன்றுமில்லை.