செனெகா: ஆலோசகரின் எழுதுகோலும் மௌனமும்

அரசியல் ஆலோசகர் ஒருவர் இலக்கிய ஆசிரியராகவும் விளங்குமிடத்து, அவரது வாழ்வையும் எழுத்தையும் எவ்வாறு இணைத்து நோக்குவது என்னும் வினா எழுகின்றது. உரோமப் பேரரசன் நீரோவின் ஆலோசகரான செனெகாவைப் பொறுத்தவரை இவ்வினா இன்றும் தீர்ந்தபாடில்லை.

கி.பி. 41இல் கோர்சிக்காத் தீவுக்கு நாடுகடத்தப்பட்ட செனெகாவை 49இல் மீட்பித்துத் தன் மகன் நீரோவுக்கு ஆசிரியராக்கியவள் அக்றிப்பினா. 54இல் நீரோ அரியணை ஏறினான். ஆள்வோனுக்குக் கருணை இன்றியமையாதது என வலியுறுத்தி அவனுக்கென நூலொன்று எழுதினார் செனெகா. 59இல் அவன் தன் தாயையே கொல்வித்தான். அதனை நியாயப்படுத்தி மூதவைக்குச் சென்ற கடிதத்தை ஆக்கியவர் என்ற பழி செனெகாவைச் சார்ந்ததென வரலாற்றாசிரியர் தாசிற்றஸ் குறிப்பிடுகின்றார். கருணையை எழுதிய கையே கொலைக்கும் வாதம் எழுதிற்று.

செல்வத்தை இகழ்ந்தவர் முப்பது கோடி செஸ்ரெர்ஸ் குவித்தார் என்பதே அவர்மீதான வழமையான கண்டனம். 58இல் சுயிலியஸ் சாட்டிய குற்றமும் இதுவே. செல்வத்தை உடைமையாகக் கொள்ளலாம். அதற்கு அடிமையாதல் ஆகாது என்பது செனெகாவின் நிலைப்பாடு. இவ்விடயம் வாதத்துக்குரியது. ஆனால் அதனினும் பாரதூரமானது, அவர் தம் மொழியை அதிகாரத்திற்கு ஈந்தமையேயாகும்.

62இன் பின் அரசவையினின்றும் ஒதுங்கிய அவர், நண்பர் லூசிலியசுக்கு எழுதியவற்றுள் 124 கடிதங்கள் எஞ்சியுள்ளன. முதுமை, நோய், குளிப்பகத்தின் இரைச்சல், அடிமைகளை மனிதராக நடத்தல் என அவற்றிலே தனிவாழ்வு ஒளிவின்றி விரிகின்றது. எனினும் நீரோவின் பெயர் ஓரிடத்தும் இல்லை. 91ஆம் கடிதம் லியோன் நகர் எரிந்தமையை விரிவாகப் பேசுகின்றது; 64இல் உரோமே எரிந்தமை பற்றிக் கடிதங்களில் ஒரு சொல்லும் இல்லை.

இம்மௌனத்துக்கு அச்சமே காரணம் எனலாம். 65இல் சதிக்குற்றம் சாட்டப்பெற்று, நீரோவின் ஆணைப்படி அவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ள நேர்ந்தமை அவ்வச்சம் வீண் அன்று என்பதைக் காட்டும். ஆயினும், நாள்தோறும் இரவில் தம் செயல்களைத் தாமே விசாரிப்பதாகச் சினம் பற்றிய நூலில் எழுதியவர், தமது அரசவைக்காலத்தை அவ்விசாரணைக்கு உட்படுத்தியதாகக் கடிதங்களிற் காணோம்.

இதனால் அக்கடிதங்கள் பொய்யாகிவிடா, குறையுடையன ஆகின்றன. அவற்றின் நேர்மையை அவற்றின் மௌனத்தோடு சேர்த்தே வாசித்தல் வேண்டும். கற்றோர் அதிகாரத்துக்கு எழுதிக் கொடுத்த சொற்களுக்குத் தனிவாழ்வின் தூய்மை ஈடாகாது.